அட்டையில் நாற்பத்தேழு

என் அம்மாவுக்கு இரண்டு வயதுகள் இருந்தன. அடையாள அட்டையின்படி நாற்பத்தேழு, உண்மையில் ஐம்பத்தேழு. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இது யாரையும் வியக்கவைக்கும் செய்தி அன்று. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு அட்டை எடுத்துக்கொடுத்த காலத்தில், தோட்டத்துக் கிளாக்கர் ஆளின் முகத்தைப் பார்த்து ஆண்டை எழுதினார். குறைத்து எழுதினால் அத்தனை ஆண்டுகள் கூடுதலாக வேலையில் இருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அது ஓர் உபகாரம். எங்கள் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அடுத்த காம்பராவில் இருந்த பெரியம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். உறவுமுறையில் அவர் எனக்குப் பெரியம்மா அல்லர். அப்படி அழைத்துப் பழகிவிட்டோம்.

“எங்க லயத்துல எல்லாருக்கும் ரெண்டு வயசு. சாமிக்கு ஒன்னு, தொரைக்கு ஒன்னு.”

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு அது. விடுமுறைக்கு வந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அம்மா சாமிப் படத்துக்கு விளக்கேற்றவில்லை. என்னை ஏற்றச் சொன்னாள். நான் ஏற்றினேன். அடுத்த வெள்ளியும் என்னையே ஏற்றச் சொன்னாள். லயத்துக்குப் பின்புறம், விறகு அடுக்கியிருந்த தகரத்தின் அடியில், வெயில் படாத இடத்தில் பழைய சேலைத் துண்டுகள் காய்வதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அவை என்னுடையவை அல்ல. வீட்டில் வேறு பெண்ணும் இல்லை.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு அது நன்றாக நினைவிருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மாவிளக்குக்கு அரிசி இடிப்பவர்கள் விலக்கு நின்ற பெண்களாக இருக்கவேண்டும். ஐந்து ஆண்டுகளாக அம்மா அந்த உரலருகே நின்றாள். பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து எடுக்கப்போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடத்தில், அவள் ஆயாவாக இருந்தவள். பகல் முழுவதும் பிறர் பிள்ளைகளின் ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பவளுக்குத் திருவிழா நாளில் கிடைத்த அந்த இடம் பெரிது. அந்த ஆண்டுத் திருவிழா முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அம்மா, ஒனக்கு ஏதாச்சும் செய்யுதா?”

“என்ன செய்யும்? திரும்ப தூரமாவுது. மூணு மாசமா.”

அருகில் வாளியோடு நின்ற பெரியம்மா காதில் அது விழுந்துவிட்டது.

“அடி ஆத்தே, எளம திரும்பிருச்சா? மருந்து எங்க வாங்குன, எனக்கும் சொல்லு.”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். ‘தூரம்’ என்ற சொல்லை நான் பிறந்தது முதல் கேட்டு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மாதவிலக்குக்கு அதுதான் சொல். சாமியிடமிருந்து, அடுப்பிடமிருந்து, ஆண்களிடமிருந்து தள்ளி நிற்கும் தூரம். பழக்கமான சொல்லில் வந்ததால், வந்த செய்தியும் பழக்கமானதாகவே எனக்குப் பட்டது.

ஆயினும் அவள் முகம் வெளிறியிருந்தது. வற்புறுத்தி மறுவாரம் பஸ்ஸில் ஏற்றிக் கீழே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வழி முழுவதும் அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஒன்றையே சொல்லிவந்தாள்.

“கார்டுல இருக்கிற வயசத்தான் சொல்லணும். மாத்திக் கீத்திச் சொல்லிட்டா தொரை ஆபீசு வரைக்கும் போயிரும். வேலைய வுட்டுட்டு வீட்ல ஒக்காரச் சொல்லிருவாங்க.”

“ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“ஒனக்குத் தெரியாது.”

அங்கே இருந்த மருத்துவர் வயதானவர், பொறுமையானவர், தமிழ் அறியாதவர். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். என்ன குறை என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பாடசாலைச் சுகாதாரப் பாடநூலிலிருந்து மாதவிடாய்க்கு நான் கற்றிருந்த சிங்களச் சொல் மிகச் சரியானது. அதைப் பயன்படுத்தினேன். “அம்மாவுக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருகிறது, மூன்று மாதமாக.” வயதைக் கேட்டார். நான் அட்டையை நீட்டினேன். நாற்பத்தேழு என்று வாயாலும் சொன்னேன்.

இன்றுவரை நான் மாற்றி அமைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கணம் அது. இரத்தம் என்று சொல்லவில்லை. நின்று ஐந்து ஆண்டுகள் ஆயிற்று என்று சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நாற்பத்தேழு வயதுப் பெண்ணிடம் அதைக் கேட்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. இந்த வயதில் இப்படி முன்பின்னாக வரும், பயப்படவேண்டாம் என்று ஆறுதலாகச் சொல்லி, ஓமோன் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். நான் இரண்டு பொய்களைச் சொல்லி, ஓர் உண்மையான ஆறுதலைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

மாத்திரை கேட்டது. அதுதான் கொடுமை. இரத்தம் குறைந்தது, அம்மா வெள்ளிக்கிழமைகளில் மீண்டும் விளக்கேற்றினாள், நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். நான்கு மாதம் கழித்து அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். துணிகளை இப்போது மறைத்துக் காயப்போடவும் இல்லை. எரித்துக்கொண்டிருந்தாள்.

இம்முறை வேறு மருத்துவமனைக்குப் போனோம். பெண்களுக்கான கிளினிக்கில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். சிங்களவர், ஆங்காங்கே தமிழ் பேசுவார். அட்டையைப் பார்த்து வயதை எழுதினார். பிறகு வழக்கமான கேள்விகள். எத்தனை பிள்ளைகள்?

“இரண்டு. நானும் ஓர் அண்ணனும்.”

“அண்ணனுக்கு எத்தனை வயது?”

“முப்பத்தாறு,” என்றேன், யோசிக்காமல்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். அட்டையை மீண்டும் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தமிழில், சொற்களைத் தேடித் தேடி, அம்மாவிடமே கேட்டார்.

“அம்மா, நீங்க பதினொரு வயசுல பிள்ள பெத்தீங்களா?”

மருந்துத் தட்டோடு நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு வியர்த்தது. என் காது மடல்கள் சூடாயின. மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: “உண்மையான வயது வேண்டும். வேறு யாருக்கும் இது போகாது. விலக்கு நின்றது எப்போது, இரத்தம் தொடங்கியது எப்போது? மாதவிடாய் என்ற சொல்லே வேண்டாம். இரத்தம் என்று சொல்லுங்கள்.”

சொன்னேன். ஐம்பத்தேழு, நின்று ஐந்து ஆண்டுக்கு மேல், இரத்தம் ஏழு மாதமாக. ஒரே மூச்சில், மூன்று வாக்கியங்களில் அது முடிந்துவிட்டது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உண்டா என்று கேட்டார். உண்டு. எடை பார்த்தார், உயரத்துக்கு மிகக் கூடுதலாக இருந்தது. காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டி, பகல் முழுவதும் உட்கார்ந்த வேலை என்றேன். அவர் ஒவ்வொன்றையும் எழுத எழுத, நான் எதையோ ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவதுபோல் இருந்தது.

அன்றே ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உட்தோல் இந்த வயதில் காகிதம்போல மெல்லியதாக இருக்கவேண்டும். அம்மாவுக்கு அது தடித்திருந்தது. ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். முன்பென்றால் வார்ட்டில் சேர்த்து, மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுக்கவேண்டியிருந்ததாம். இப்போது வைக்கோல்போல் மெலிந்த ஒரு குழாய் போதுமாம். சில நிமிடங்களில் முடிந்தது. திரைக்கு வெளியே நின்ற எனக்கு, அம்மா ஒருமுறை பல்லைக் கடித்த ஒலி மட்டும் கேட்டது.

முடிவுக்குப் பதினைந்து நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். சோதனைச் சீட்டில் மருத்துவர் கேள்விக்குறியோடு எழுதியிருந்த நோயின் பெயரை மருத்துவக் கலைக்களஞ்சியம் ஒன்றில் தேடினேன். நோய் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பத்தி. முதலாவதைப் படித்தேன். இரண்டாவதில் பாதி படித்தேன். எந்தப் புத்தகத்தையும் இறுதிவரை படித்துப் பழகியவள் நான். அதை மூடி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கினேன்.

முடிவு வந்த அன்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். கர்ப்பப்பையின் உட்தோலில் புற்றுநோய் என்றார். என்னைப் பார்த்தே பேசினார், நான் மொழிபெயர்க்கவேண்டும். படிக்கும் காலத்தில் இதை நகரத்து வசதியான பெண்களின் நோய் என்றே தாம் கற்றதாகவும், இப்போது மலையிலும் அடிக்கடி காண்பதாகவும், சீனியும் எடையும் கூடக் கூட இதுவும் கூடுகிறது என்றும் சொன்னார். பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தார்.

“இந்த நோயில் ஒரு நல்லது உண்டு. மற்றவை ஒளிந்து வளரும். இது தொடக்கத்திலேயே இரத்தத்தைக் காட்டிச் சொல்லிவிடும். அதனால் பலர் பிழைத்துவிடுகிறார்கள்.”

அந்த வாக்கியத்தை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. நோய் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. நான்தான் அதை வேறு சொல்லால் எடுத்துச் சென்றேன்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் அம்மா.

“புத்துநோய்ங்கிறாங்க. கர்ப்பப்பையில. ஆப்பரேசன் செஞ்சு எடுக்கணுமாம்.”

அவள் என் பக்கம் குனிந்து, மருத்துவருக்குக் கேட்காதபடி கேட்டாள்.

“அப்ப இது தீட்டு இல்லதானே? நோய்தானே?”

“நோய்தாம்மா.”

“திருவிழாவுக்கு மாவு இடிச்சனே. தீட்டோட தொட்டுட்டேன்னு அஞ்சாறு மாசமா…” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. அவள் தோள்கள் இறங்கின. கண்ணில் நீர் இருந்தது; ஆனால் அது நிம்மதி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அந்த அறையில் நான் உணர்ந்த பயத்துக்கு நிகராக வேறெதையும் அதுவரை உணர்ந்ததில்லை. அம்மாவின் அச்சம் முடிந்துவிட்டது. என்னுடையதை இனி நான் தனியாகத்தான் வைத்திருக்கவேண்டும்.

தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவிடம் நானே சொன்னேன். பெண்களின் உடல் பற்றி அவரிடம் எதையும் பேசியிராதவள், கர்ப்பப்பை என்ற சொல்லைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“அவளுக்கு வலிக்குமா?”

தெரியாது என்றேன்.

அறுவைச் சிகிச்சை கண்டியில் நடந்தது. சில இடங்களில் சிறு துளைகள் வழியாகவே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்றும், அம்மாவுக்கு வயிற்றைத் திறந்துதான் செய்யவேண்டும் என்றும் சொன்னார்கள். கர்ப்பப்பையையும் இரு சூலகங்களையும் எடுத்தார்கள். வார்ட்டில் நினைவு திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைக்காம்பராவில் தன் இடத்துக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்பது. பெரியம்மா பார்த்துக்கொள்கிறார் என்றேன்.

“அவளா? புள்ளைங்களுக்கு முன்னாடி அவதான் தூங்குவா.”

சிரித்ததும் தையல் இழுத்தது, முகத்தைச் சுளித்தாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கம் இல்லை. போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

எடுத்த உறுப்புகளின் பரிசோதனை அறிக்கை வர மேலும் மூன்று வாரம். நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். அதை வாங்க நான் தனியாகப் போனேன். அம்மா பயணத்துக்குத் தேறியிருக்கவில்லை. அதே இளம் மருத்துவர்தான் அறிக்கையை விளக்கினார். கர்ப்பப்பையின் தசைச்சுவரில் நோய் இறங்கியிருந்தது. ஆனால் பாதி ஆழத்தைத் தாண்டவில்லை. வெளியே பரவிய அடையாளம் இல்லை. உயிரணுக்களின் தன்மை சற்று முரட்டுத்தனமாக இருப்பதால், திரும்ப வராமலிருக்கக் கதிர்ச் சிகிச்சை வேண்டும். முழு இடுப்புக்கும் வாரக்கணக்கில் கொடுக்கவேண்டியதில்லை. உள்ளே மட்டும், சில தடவைகள் போதும்.

நான் நன்றி சொல்லி எழுந்திருக்கவேண்டும். எழவில்லை. முதல் மருத்துவமனையில் நடந்ததை அவரிடம் சொன்னேன்: சொல், வயது, மாத்திரை, நான்கு மாதம். அந்த நான்கு மாதம் இல்லாதிருந்தால் தசைக்குள் இறங்கியிருக்குமா என்று கேட்டேன். சிங்களத்தில் அதைக் கேட்பதற்கு ஒரு நிபந்தனை வாக்கியம் அமைக்கவேண்டும், அமைத்தேன், இலக்கணம் பிழையின்றி வந்தது.

அவர் அறிக்கையை மீண்டும் பார்த்தார். என்னைத் தேற்றுவதற்காகப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

“எனக்குத் தெரியாது,” என்றார். “ஒன்றும் ஆகியிருக்காது என்று உங்களிடம் சொல்லமாட்டேன். ஆகியிருக்கும் என்றும் சொல்லமாட்டேன். யாராலும் சொல்லமுடியாது.”

அந்தப் பதிலுக்காக இன்றும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. அன்று, பஸ் நிலையத்தில், என்னால் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்க முடியவில்லை.

கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் போகவேண்டியிருந்தது. அண்ணன் அங்கே ஒரு கடையில் வேலை செய்ததால் தங்க இடம் கிடைத்தது. முதல் நாள் காலை, நடைபாதை வாங்கில் உட்கார்ந்து எண் கூப்பிடக் காத்திருந்தபோது, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முன்கூட்டிச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். அவை வரிசையாக வரவில்லை.

“அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் சரியாச் சொல்லல. சொல்லியிருந்தா நாலு மாசம் முந்தியே தெரிஞ்சிருக்கும்.”

அம்மா எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது.

“எனக்கும் அந்த நெனப்பு வந்துச்சு,” என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“ஒன்னயச் சொல்லல. கார்டுல இருக்கிறதச் சொல்லுன்னு பஸ்ஸு நெடுக ஓதிக்கிட்டு வந்தது நான்தானே. வேல போயிரும்னு பயந்தேன். உசுரு போயிரும்னு பயப்படத் தெரியல.” சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “இனிமே அதப் பேசாத.”

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். சிகிச்சை அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்றார் அங்கிருந்த ஊழியர், நடுத்தர வயதுச் சிங்களவர். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, நான் இல்லாமல் அவளுக்கு எதுவும் விளங்காது என்றேன். முடியாது, உள்ளே கதிர் இருக்கிறது என்றார். கதிரைச் செலுத்தும் குழாயைப் பொருத்தும்வரை தாதி துணையிருந்தார். பிறகு தாதியும் வெளியே வந்தார். தடித்த கதவு மெதுவாக மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

ஊழியர் என்னைத் தம் மேசைக்கு அழைத்தார். சிறிய திரையில் அம்மா தெரிந்தாள்: சாம்பல் நிறத்தில், மல்லாந்து, மிகச் சிறியவளாக. முகம் தெரியவில்லை, பாதங்கள் தெரிந்தன. அசையாமல் இருக்கச் சொல்லவேண்டும், எட்டு நிமிடம், என்று சொல்லி ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினார்.

இதற்கு முன் இரண்டு முறை அவளுக்காக நான் பேசியிருந்தேன். ஒருமுறை பிழையாக. எட்டு நிமிடத்தில் பிழையாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பொத்தானை அழுத்தினேன்.

“அம்மா. அசையாம இரு. எட்டு நிமிசம்தான். ஒன்னும் செய்யாது.”

கடைசி இரண்டு சொற்களை ஊழியர் சொல்லவில்லை. நானே சேர்த்துவிட்டேன்.

திரையில் பாதங்கள் அசையவில்லை. பெட்டியிலிருந்து இரைச்சலோடு அவள் குரல் வந்தது.

“நான் அசையல. நீ மொதல்ல அழுவாம பேசு.”

அவள் என்ன சொல்கிறாள் என்று ஊழியர் கேட்டார். விளங்கிவிட்டதாம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு இயந்திரத்தை இயக்கினார். திரையின் மூலையில் வினாடிகள் குறையத் தொடங்கின. பொத்தானிலிருந்து என் விரலை எடுக்கவில்லை என்பதை, என் மூச்சு முழுவதும் உள்ளே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை, வெளியே வந்து அவள் சொன்னபிறகுதான் அறிந்தேன்.